தானாக அறுந்த தந்தி

கட்டைவிரல் நகம் முதல் தந்தியின் மேல் மெல்ல ஏறுகிறது, இறங்குகிறது. பிறகு அடுத்த தந்தி. கண் இரண்டும் மூடியிருக்கின்றன. நாலாவது தந்தியின் அடிவரை போய் வந்ததும் உதடு அசைகிறது: “சுத்தம்.”

ஜெனோவா நாடக அரங்கில், மேடைக்குக் கீழே வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில், இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி இடம் பச்சீச்சா பித்தலூகாவுடையது. முன்னால் ஒரு தூண். மேடையில் கதாநாயகி விஷம் குடித்தாளா, கல்யாணம் செய்துகொண்டாளா என்பதைப் பக்கத்து ஆளைக் கேட்டுத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கு ஏற்றும் நேரத்தில் இந்த நக வைத்தியம் தினமும் நடக்கும். தந்தியில் எங்கேனும் கீறல் உண்டா என்ற சோதனை அது.

“என்ன வாத்தியாரே, பிடிலுக்குப் பேன் பாக்குறீங்களா?” என்பார் பின்னால் நிற்கும் பெரிய பாஸ் பிடில்காரர் கேதானோ. “சொல்லுங்க, சீப்பு கொண்டாறேன்.”

பள்ளம் முழுக்கச் சிரிக்கும். பச்சீச்சாவும் சிரிப்பார். நகம் மட்டும் தன் வேலையை விடாது.

ஆள் நெட்டை. விரல்கள் நண்டுக்கால்கள். கறுப்பு வெல்வெட் கோட்டு ஒன்று, முழங்கையில் வெல்வெட்டெல்லாம் உதிர்ந்து வெறும் துணியாகிவிட்டது. ஆனாலும் அதுதான் மழைக்கும் வெயிலுக்கும். பிடிலை அதற்குள் பூனைக்குட்டி மாதிரி அணைத்துக்கொண்டு துறைமுகத்துச் சந்துகளில் நடப்பார். மத்தியானம் கொலம்பாவின் கடையில் சுடச்சுடக் கடலைமாவு அடை. அதன்மேல் மிளகுத்தூளைப் பார்ப்பவர் தும்மும் அளவுக்குக் கொட்டிக்கொள்வார்.

இன்னொரு விசேஷம் அவருடைய இடுப்பு. யாராவது இரண்டு கையைச் சேர்த்துத் தட்டினால் போதும், அது தானாக வளைந்துவிடும். வண்டிக்காரன் மாட்டை விரட்டத் தட்டினாலும் சரி, கொலம்பா கையில் ஒட்டிய மாவைத் தட்டினாலும் சரி, நடுத்தெருவில் இடது கை நெஞ்சுக்குப் போகும், தலை தாழும், உதட்டில் ஒரு புன்னகை தோன்றும். அப்புறம்தான் சுற்றுமுற்றும் பார்த்து நிமிர்வார்.

“எனக்கு இல்லண்ணே, மாவுக்கு,” என்பாள் கொலம்பா.

அந்த இடுப்புக்கு ஒரு காலத்தில் ஓய்வு ஒழிச்சலே இருந்ததில்லை. தூரின் நகர் முதல் திரியெஸ்தே வரை பச்சீச்சா கச்சேரி செய்யாத ஊர் கிடையாது. தான் எழுதியதைத் தானே வாசிக்கிற வித்துவான்களின் காலம் அது. அடுத்தவன் கையில் பாட்டு சிக்கினால் அன்றோடு பிழைப்பு போயிற்று. ஆகவே உள்ளூர் வாத்தியக்காரர்களுக்குக் காலையில் தாளைக் கொடுத்து, கச்சேரி முடிந்த கையோடு பிடுங்கிக்கொள்வார். தன் பங்கை எந்தத் தாளிலும் எழுதியதில்லை. ஒத்திகையில் தன் முறை வந்தால் வில்லைக் காற்றில் ஆட்டி, “இந்த இடத்துல நான் கொஞ்சம் ஏதாவது பண்ணுவேன்” என்பதோடு சரி. அந்தக் ‘கொஞ்சம் ஏதாவது’வில்தான் சீமாட்டிகள் மயங்கி விழுந்தார்கள். பிடில் எடுப்பாகக் கேட்பதற்காக எல்லாத் தந்தியையும் வழக்கத்தைவிட அரைச் சுரம் ஏற்றிக் கட்டியிருப்பார் என்பதையும் யாருக்கும் சொன்னதில்லை.

அவருடைய பெயர்பெற்ற உருப்படி ‘கலங்கரைப் புயல்’. முதலில் மெதுவான ஒரு பாட்டு, பிறகு புயல். கப்பலின் கயிறு முனகும், மணி அடிக்கும், குடித்த மாலுமி பாய்மரத்திலிருந்து விக்குவான், எல்லாம் அந்த நாலு தந்திக்குள். அலெசாண்ட்ரியா ஊரில் அவர் கடற்காக்கை கத்துவதைப் போல வில்லை இழுக்க, கடலே இல்லாத அந்த ஊரின் கூரைமேல் நிஜக் கடற்காக்கைகள் வந்து உட்கார்ந்தன. மறுநாள் ஊரில் கறந்த பால் முழுவதும் உப்புக் கரித்தது. இதை எங்கள் ஊரில் மறுப்பவர்கள் இல்லை. பிசாசோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர் என்றும் பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டது யாரென்று பிசாசுக்குத் தெரியும், பச்சீச்சாவுக்கும் தெரியும்.

புயலின் உச்சத்தில் முதல் தந்தி ‘படீர்’ என்று அறும். கூட்டம் அலறும். வித்துவான் கலங்கமாட்டார். தொங்குகிற தந்தியோடு பிடிலைத் தூக்கி மேல்மாடத்துக்குக் காட்டி, மீதி மூன்றிலேயே புயலை முடிப்பார். பூ மழை பெய்யும். ஊருக்கு ஊர், கச்சேரிக்குக் கச்சேரி, சரியாக அதே இடத்தில் அறும். கோட்டுப் பையில் ஒரு குட்டி அரம் வைத்திருந்தார். மேடை ஏறுமுன் ஆட்டுக்குடல் தந்தியைப் பாதிக்கு ராவி வைத்துவிடுவார்.

ராவிய தந்தியைப் புயல்வரை காப்பாற்ற வேண்டுமே. அதனால் மெதுவான பாட்டை மற்ற தந்திகளில் வாசித்தார். அது முதல் தந்திக்கென்றே பிறந்த பாட்டு. எர்சிலியாவை நிச்சயம் செய்த அன்று அவளுக்காகப் போட்டது. எர்சிலியா அவர் மனைவி; சின்ன ஊர்களில் பக்கவாத்தியம் அவளுடைய கிட்டார்தான். தன் பாட்டு அடிக்குரலில் ஒலிப்பதையும், எப்போது அறும் எப்போது அறும் என்று கூட்டம் இருமிக்கொண்டே காத்திருப்பதையும் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு அவள் உடன் வந்தாள்.

அவளுடைய தகப்பனார் கியாவரி ஊரில் நாற்காலி செய்பவர். ஒற்றை விரலால் தூக்கலாம், ஒரு தலைமுறை உட்காரலாம், அப்படிப்பட்ட நாற்காலிகள். “உடையாத சாமான் செய்யறது என் தொழில். மாப்பிள்ளைக்கு உடைக்கிறதுதான் தொழில்,” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் கியாவரியிலேயே கச்சேரி அமைந்தது. கிழவர் முதல் வரிசையில் வந்து, தன் வீட்டு நாற்காலியைத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“இன்னிக்கி ஒரு நாள் அரம் வேண்டாங்க,” என்றாள் எர்சிலியா. “என் பாட்டை அது பொறந்த தந்தியிலயே வாசிங்க. அப்பா கேக்கட்டும்.”

“உன் மேல ஆணை,” என்றார் பச்சீச்சா. ஆணையைக் காப்பாற்றவும் செய்தார். அரத்தைத் தொடவேயில்லை.

அன்று பார்த்துத் தெற்கிலிருந்து சிரோக்கோ காற்று. சுவரெல்லாம் வியர்க்கிற ஈரப் புழுக்கம். குடல் தந்தி ஊறி நைந்துபோகும் நாள் என்று பச்சைப் பிள்ளை வயலின்காரனுக்கும் தெரியும். பச்சீச்சாவுக்குத் தெரியவில்லை. தினம் ஒரு தந்தியை வெட்டிக் கொன்றவரிடம் எந்தத் தந்தி வயதாகிச் செத்தது? முன் ஊரில் அறுந்ததற்குப் பதிலாக அங்கேயே மாட்டியிருந்த தந்தியையே, வழக்கம்போல அரைச் சுரம் ஏற்றிக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். பாட்டு எழும்பியது. யாரும் இருமவில்லை. கிழவர் முன்னால் சாய்ந்து கேட்டார். சரிபாதியில், மயிலிறகு மாதிரி ஒரு சுரத்தில், தந்தி அறுந்தது.

அரங்கம் இடிந்து விழுவதுபோலக் கைதட்டல். கிட்டார் நின்றது. கிழவர் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். பின்னாலேயே எர்சிலியா போனாள். அவள் பெட்டியை வாங்கிப் போக ஆள்தான் வந்தது.

அந்தத் தந்தி இன்றும் பச்சீச்சாவின் மூக்குப்பொடி டப்பியில் சுருண்டு கிடக்கிறது. பொடி போடுவதை அதற்காகவே விட்டுவிட்டார். நின்று கேட்கிறவர் யாராக இருந்தாலும் டப்பி திறக்கும். “நுனியைப் பாருங்க. பூராவும் தும்பு. ராவின தந்தின்னா பாதி வழவழன்னு இருக்கும், பாதிதான் தும்பா இருக்கும். இது தானா அறுந்துச்சு.”

“ராவிட்டு அப்புறம் பல்லால கடிச்சுத் தும்பாக்கியிருப்பீங்க,” என்பார் கேதானோ.

பச்சீச்சாவுக்கு நாம் நம்பி என்ன ஆகப்போகிறது? நம்ப வேண்டியவள் கியாவரியில் இருந்தாள். மூன்று கடிதம் போட்டார். முத்திரை உடையாமல் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு தனிக் கச்சேரிக்கு அவர் கோட்டு மாட்டவில்லை; தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

போன வசந்தத்தில் அரங்கத்து மாடங்களுக்குப் புது நாற்காலி சொல்லியிருந்தார்கள். கேதானோ கொலம்பாவின் கடைக்கு ஓடிவந்தார். “வாத்தியாரே, கியாவரிப் படகு வந்திருக்கு. கெழவர் போய்ச் சேந்துட்டாராம். இப்ப பட்டறை மகளோடதாம். அவங்களே வந்து துறையில நின்னு எண்ணி எறக்குறாங்க.”

பச்சீச்சா மிளகுத்தூள் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டார்.

அவர் போகவில்லை. அவள்தான் வந்தாள். ஒரு கையில் நாற்காலியைக் குடைபோலப் பிடித்துக்கொண்டு கொலம்பாவின் கடைக்குள் நுழைந்து, அவருக்கு எதிரே அதைப் போட்டு உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. விரல் நுனிகளில் கிட்டார்க் காய்ப்புப் போய், மரம் இழைத்த காய்ப்பு.

“இன்னும் மிளகை அள்ளிக் கொட்டித்தான் தின்னுறீங்களா?”

பச்சீச்சா டப்பியைத் திறந்து அவள் முன் நீட்டினார். “இதைப் பாரு எர்சிலியா. ஒரே ஒரு தடவ பாரு. நுனி பூரா தும்பு. தானா அறுந்துச்சு. சத்தியமா தானா.”

அவள் டப்பிப் பக்கம் திரும்பவில்லை. “தெரியும்.”

“தெரியுமா?”

“அன்னிக்கே தெரியும். அரம் எங்கிட்டல்ல இருந்துச்சு? சாயங்காலமே உங்க கோட்டுப் பையிலேருந்து எடுத்து என் தையல் கூடையில போட்டுட்டேன். உங்க ஆணை மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை.”

பக்கத்து மேசையில் கேதானோவுக்குத் திராட்சை மது புரையேறியது.

“அப்புறம் ஏன்...”

“அறுந்ததும் நீங்க சிரிச்சீங்க.”

“நானா?”

“வாய் கொள்ளாம. எங்கப்பாவுக்கு முதுகைக் காட்டிட்டு, தொங்குற தந்தியை மாடத்துக்குத் தூக்கிக் காட்டினீங்க. என் பாட்டு நடுவுல செத்துக் கெடக்குது, நீங்க அதுமேல ஏறி நின்னு பூ வாங்கினீங்க. ஐயோ அறுந்துபோச்சேன்னு என் மூஞ்சியை ஒரு தரம் பாத்திருந்தா, மூணு தந்தியோட ரஷ்யா வரைக்கும் உங்க பின்னாடி வந்திருப்பேன்.”

பச்சீச்சா டப்பிக்குள் பார்த்தார். வழக்கு ஒன்று, இத்தனை காலம் அவர் காத்துவைத்திருந்த சாட்சி வேறொரு வழக்குக்கு. சிரித்தது அவருக்கு ஞாபகமே இல்லை. மூடியை மூட இரண்டு முறை முயன்றும் பொருந்தவில்லை.

“அப்பா பாதிதானே கேட்டாரு,” என்றாள் அவள், இப்போது குரல் தணிந்து. “சாகறதுக்கு முன்னாடி, மீதி எப்படிடி போகும்னு கேட்டாரு. கிட்டார்ல வாசிச்சேன். இதுல பிடிலைக் காணுமேன்னாரு. நாற்காலி எறக்கி முடிய இன்னும் நேரமிருக்கு. வாசிக்கிறீங்களா?”

அன்றும் சிரோக்கோதான். கடைச் சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது. பச்சீச்சா பிடிலை வெளியே எடுத்தார். நகம் நாலு தந்தியிலும் ஏறி இறங்கியது. “சுத்தம்,” என்றார். பிறகு, ஜோடனை ஒன்றுமில்லாமல், அந்தப் பாட்டை அது பிறந்த தந்தியிலேயே எடுத்தார். அடை தின்றுகொண்டிருந்த சுமைதூக்கிகள் மெல்லுவதை நிறுத்தினார்கள். கொலம்பா அடுப்பு வாயிலேயே கரண்டியோடு நின்றாள். ஒரு அடை கருகியது, யாரும் கண்டுகொள்ளவில்லை. மயிலிறகுச் சுரம் வந்தது. எர்சிலியாவின் இடது கை மடிமேல், இல்லாத கிட்டாரைப் பிடித்திருந்தது. தந்தி தாங்கியது. பாட்டு அந்த இடத்தைத் தாண்டி, எந்தக் கூட்டமும் அதுவரை அந்தத் தந்தியில் கேட்டிராத மீதிக்குள் போய், முடிந்தது.

கொஞ்ச நேரம் கடலைமாவு வாசனை மட்டும் இருந்தது.

பிறகு கதவோரத்தில் ஒரு சுமைதூக்கி தன் முரட்டுக் கைகளைச் சேர்த்துத் தட்டினான். கடை முழுதும் தட்டியது.

பச்சீச்சா கதவுப் பக்கம் திரும்பினார். இடது கை நெஞ்சுக்குப் போனது, இடுப்பு வளைந்தது. தானாக வளைந்தது. உதடு இரண்டு ஓரமும் மேலே இழுபடுவதை, வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் உணர்ந்தார்.

முதுகுக்குப் பின்னால் எர்சிலியாவின் நாற்காலி. கியாவரி நாற்காலி அவ்வளவு லேசு; தள்ளிவிட்டு எழுந்துபோனாலும் சத்தம் கேட்காது.

கைதட்டல் ஓய்ந்தது. “வாத்தியாரே,” என்று கேதானோ மெல்லக் கூப்பிட்டார்.

பச்சீச்சா நிமிரவில்லை. குனிந்தபடியே நின்றார்.