கார்ஸ் வரைபடம் தேடி பாதர்ஸ்ட் வீதிக்கு

1921இல், போர் ஓயாத நாள்களில், துருக்கியரும் ரஷ்யரும் மொஸ்கோவில் அமர்ந்து கார்ஸ் நகரம் எங்களுக்கு, பத்தூமித் துறைமுகம் உங்களுக்கு என்று முடித்துக்கொண்டார்கள். அதைப் பற்றிப் பதினொரு ஆண்டுகளாக நூலகத்தில் தனியாகப் படித்தவன் நான். எங்கள் முதியோர் சங்கம் இதைப் பேச அழைத்ததோ பட்டதாரி நடராசா மாஸ்டரை. கார்ஸுக்கு நான்கு நாள் சுற்றுலா போய்வந்தாராம்! பொறாமைதான், மறைக்கவில்லை. அவரிடம் இல்லாத ஒன்றுடன் சனிக்கிழமை நானும் மேடையேற நினைத்தேன். அந்த எல்லையைக் காட்டும் பழைய ரஷ்ய வரைபடம் பாதர்ஸ்ட் வீதியில் ஒரு ரஷ்யப் புத்தகக் கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, செவ்வாய் காலை புறப்பட்டேன்.

அஜக்ஸில் 9.20க்குக் கோ புறநகர் ரயில். யூனியன் நிலையத்தில் இறங்கி சப்வேயில் பின்ச் நிலையம், அங்கிருந்து ஸ்ரீல்ஸ் வீதி பஸ். முதியோர் கட்டணத்தில் போக மட்டும் ஐந்து டொலருக்குள் முடிந்தது. பஸ் ஓட்டுநர் நம்மவர். கடைக்கு எங்கே இறங்குவது என்று கேட்டேன்.

“உந்த ரஷ்யப் புத்தகக் கடைக்கோ அங்கிள்? நேற்று ஒரு தொப்பிக்காரரும் கேட்டவர். திங்கள் பூட்டு எண்டு திரும்பிப் போட்டார்.”

எங்கள் சங்கத்தில் தொப்பி போடுபவர் மாஸ்டர் ஒருவர்தான்.

11.40க்குக் கடைக்குள் நுழைந்தால், மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் மாஸ்டர் குனிந்து நிற்கிறார்.

“என்ன அண்ணை, உவ்வளவு தூரம்?” என்றார்.

“ஏன், பட்டம் எடுத்தவைக்கு மட்டுமோ பஸ் ஓடுது?” என்றேன்.

வரைபடம் யாருக்கு என்று கால் மணி நேரம் இழுபறி. கடைசியில், “வரைபடம் உங்களுக்கு, விளக்கம் எனக்கு. நோட்டீசில என்ர பேர் முதல்,” என்றேன்.

“உங்கட பேர் ரெண்டாவது. கதிரை என்ர பக்கத்தில,” என்றார் மாஸ்டர்.

“ஓம்.” கை கொடுத்தோம்.

என்ன முடிவு என்று கடைக்காரர் ஆங்கிலத்தில் கேட்டார். மாஸ்டர் பெருமையாகச் சொன்னார். கடைக்காரக் கிழவர் வரைபடத்தை மெதுவாகச் சுருட்டினார்.

“நான் ஆர்மீனியன். என் தந்தையின் குடும்பம் கார்ஸ். நீங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டீர்கள். விற்பேனா என்று என்னைக் கேட்டீர்களா?”

“எவ்வளவு வேண்டும்?” என்றார் மாஸ்டர்.

“விற்கவில்லை.”

மொஸ்கோவில் அந்த மேசைக்கு, கார்ஸில் வாழ்ந்த ஆர்மீனியரை அழைக்கவில்லை என்று மாஸ்டரைச் சபையில் திருத்தத்தான் குறிப்பு எழுதிவைத்திருந்தேன். அது அப்போது என் சட்டைப்பையில் இருந்தது.

ஒரே பஸ்ஸில் திரும்பினோம். அவர் முன்னால், நான் பின்னால்.

போகிறவர்களுக்கு: கடை பதினொரு மணிக்குத் திறக்கும். பஸ் நிறுத்தத்திலிருந்து 300 மீற்றர் நடை. எதைத் தொட முன்னும் கடைக்காரரோடு முதலில் பேசுங்கள். சனிக்கிழமை மாஸ்டர் இந்தக் கதையைத்தான் மேடையில் சொல்வார், கைதட்டலும் வாங்குவார். இன்று வியாழன். அவருக்கு முன் நான் எழுதிவிட்டேன்.