ஓடையைத் தாண்டிய அம்மாக்கண்ணு

தினமும் காலையில் முதலிலிருந்து தொடங்கவேண்டிய வேலையை ஒருவர் எப்போது முடித்ததாகச் சொல்வது? அம்மாக்கண்ணுவின் வாழ்க்கையை நினைத்தால் இந்தக் கேள்விதான் எழுகிறது. அவள் இப்படிக் கேட்டிருக்க மாட்டாள். அவளுக்கு நேரமில்லை.

ஜமுனாமரத்தூரிலிருந்து காட்டுப்பாதையில் வெகுதூரம் உள்ளே கன்னியாஸ்திரீகள் ஓர் ஆரம்பப் பள்ளி நடத்தினார்கள். இரண்டு அறைகள், பின்னால் ஒரு சமையல் கொட்டகை. எழுபதுகளின் நடுவில் அம்மாக்கண்ணு அங்கே சமையலுக்குச் சேர்ந்தாள். வெளிநாட்டு மூட்டையில் வந்த கோதுமை ரவையை உப்புமாவாகக் கிண்டுவது வேலை. அதைத் தின்னப் பிள்ளைகள் வரவேண்டுமே. ஓடைக்கு மறுகரையில் இருந்த தன் ஊரில் காலையில் வீடு வீடாகப் போய் அவர்களைக் கூட்டி வருவதும் அவள் வேலையாகிவிட்டது. யாரும் ஒப்படைக்கவில்லை. ஒருநாள் செய்தாள், மறுநாள் எதிர்பார்த்தார்கள்.

சாமை முற்றும்போது பிள்ளைகள் கிளி விரட்டப் பரணில் இருப்பார்கள். புளி உலுக்கும்போது குடும்பமே மரத்தடிக்குப் போய்விடும். மற்ற நாட்களில் ஆடு, கைக்குழந்தை, காய்ச்சல்.

"உனக்கு வேற பொழப்பே இல்லியா? காத்தால வந்து வாசல்ல நின்னுக்கினு," என்பாள் பக்கத்து வீட்டு முத்தம்மா.

"உம் புள்ள எழுந்தானா இல்லியா, அத்த சொல்லு."

"எழுந்து ஆட்ட ஓட்டிக்கினு போய்ட்டான். போய் ஆட்டுக்கும் சேத்து ஆனா ஆவன்னா சொல்லிக்குடு."

அம்மாக்கண்ணு ஆட்டின் பின்னாலேயே போய்ப் பையனைப் பிடித்து வருவாள். இதைத் தொண்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் முகத்தில் அதற்கான களை எதுவும் இருந்ததில்லை. தண்ணீர் சுமப்பவளின் முகம்தான்.

பள்ளியில் நாலாவது வரைதான் இருந்தது. ஐந்தாம் வகுப்புக்கு அனுமதி கேட்டுத் தலைமையாசிரியை சிஸ்டர் பிலோமினா எழுதிப் போட்டிருந்தார். ஆய்வாளர் நேரில் வந்து, பிள்ளைகள் ஒழுங்காக வருவதைப் பார்த்தால்தான் அது கிடைக்கும். கிடைக்காவிட்டால் நாலாவது முடித்தவர்கள் ஜமுனாமரத்தூருக்கு நடக்கவேண்டும். அவ்வளவு தூரம் பெண்பிள்ளைகளை யாரும் அனுப்பமாட்டார்கள். அம்மாக்கண்ணுவின் மகள் பாஞ்சாலை அப்போது நாலாவதில் இருந்தாள்.

தவறு அம்மாக்கண்ணுவுடையது. "அதுக்குள்ள மாரியம்மன் திருவிழா முடிஞ்சுடும் சிஸ்டர், அந்த வியாழக்கிழம வரச் சொல்லுங்க," என்று நாள் சொன்னவள் அவள்தான். பிறகு ஊர்க்கவுண்டர் வேடியப்பனின் பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தது. தீட்டுக் கழியட்டும் என்று திருவிழாவைத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்த திருவிழா எந்த நாளில் வந்து விழும் என்று அவள் யோசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பம்பை அடித்துக் காப்புக் கட்டும்போதுதான் உறைத்தது. காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை ஊரார் எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லை அந்த ஓடைதான்.

வேடியப்பனிடம் போனாள்.

"மாமா, வியாழக்கிழம மட்டும் புள்ளைங்கள வுடுங்க. மத்தியானத்துக்குள்ள வந்துடுவாங்க."

"காப்பு கட்டினப்புறம் எறும்புகூட ஓடைய தாண்டாது. நீ இன்னாடான்னா புள்ளைங்கள கூட்டிக்கினு போறேங்கற."

"அப்போ அவங்க இங்க வரலாமா?"

"வெளியூர்க்காரங்க வரட்டும், போவட்டும், யாரு வேணாம்னா? பொழுது சாயறதுக்குள்ள போய்டணும். இருட்டிடுச்சுன்னா காப்பு அவுக்கிற வரைக்கும் இங்கியே கெடக்கணும். உங்க ஆபீசருக்கு நம்ம களி ஒத்துக்குமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அவங்ககிட்ட யாரு மாமா போய் சொல்றது?"

வேடியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார்.

புதன்கிழமை காலையில், தண்ணீருக்கு வந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாக்கண்ணு ஓடையைத் தாண்டிப் போனாள்.

வியாழக்கிழமை வகுப்பை ஊருக்கே கொண்டுவரச் சொன்னாள். சிஸ்டர் பிலோமினா வருகைப் பதிவேட்டை மூடிவைத்தார். "சாமி கும்பிடுற இடத்திலயா நான் வகுப்பு நடத்துறது? ஃபாதர் கேட்டா என்ன சொல்லுவேன்?"

"கோயில்கிட்ட இல்ல சிஸ்டர், எங்க கரையில, புளியமரத்து நெழல்ல. புள்ளைங்க அங்கதான் இருந்தாங்கன்னு சொல்லுங்க."

வியாழக்கிழமை கரும்பலகை ஓடையைக் கடந்தது. பின்னால் ஆய்வாளர், பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு. "பள்ளிக்கூடம் எங்கம்மா?" என்றார். "இதுதான் சார்," என்றார் சிஸ்டர். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிய பிள்ளைகள், ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல், எழுந்து வணக்கம் சொன்னார்கள். வேறு எங்கும் போக வழியில்லாததால் அன்று வருகை முழுமையாக இருந்தது. பம்பை சத்தம் ஓயக் காத்திருந்து காத்திருந்து ஆய்வாளர் வாய்ப்பாடு கேட்டார். பாஞ்சாலை தயங்காமல் சொன்னாள். பொழுது சாய்ந்தால் தங்கவேண்டும் என்பதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கவேண்டும். மத்தியானமே கிளம்பிவிட்டார். கோடை விடுமுறையில் அனுமதி வந்தது.

ஆனால் அதற்கு முன்பே, திருவிழாவின் கடைசி நாளில், வீட்டுக்கு ஒரு பானையாகப் பெண்கள் பொங்கல் வைத்தார்கள். அம்மாக்கண்ணு தன் பானையோடு வந்தபோது வேடியப்பன் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் குரலில் கோபம் இல்லை.

"நீ தாண்டிட்ட புள்ள. இந்த வருசம் உனக்கு எடமில்ல. உனக்கே தெரியும்."

அவளுக்குத் தெரியும். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, வாதாடவும் இல்லை. வரிசையில் இருந்த ஒவ்வொருத்தியின் பிள்ளையையும் அவள் கையைப் பிடித்து ஓடை தாண்ட வைத்திருக்கிறாள். அவர்கள் குனிந்து அடுப்பை ஊதினார்கள். முத்தம்மா நிமிர்ந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு அவளும் சுள்ளியை அடுப்புக்குள் தள்ளினாள். அம்மாக்கண்ணு அரிசி போட்ட பானையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.

ஜூன் மாதம் ஐந்தாம் வகுப்பு தொடங்கியது. முதல்நாள் காலையில் முத்தம்மா மகனுக்குத் தலை வாரிவிட்டு வாசலில் நிறுத்தியிருந்தாள். அம்மாக்கண்ணு பாஞ்சாலையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலைக் கடந்து போனாள். கூப்பிடவில்லை. எந்த வாசலிலும் நிற்கவில்லை.

"பிள்ளைங்க எங்க அம்மாக்கண்ணு?" என்றார் சிஸ்டர்.

"வருவாங்க சிஸ்டர்," என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தாள்.

சிலர் வந்தார்கள். சிலர் வரவில்லை. எண்பதுகளிலும் பல ஆண்டுகள் அவள் அந்தக் கொட்டகையில் சமைத்தாள். ஒருநாளும் தவறாமல் வந்தாள். யாருடைய பிள்ளையையும் மறுபடி கூப்பிடப் போகவில்லை. ஏன் என்று சிஸ்டர் கேட்டும் சொல்லவில்லை, பாஞ்சாலை கேட்டும் சொல்லவில்லை.