கூப்பனுக்குக் கற்பூரம்

போன வெள்ளிக்கிழமை நான் ஒரு ஜவுளிக்கடைக் கூப்பனுக்குக் கற்பூரம் காட்டினேன்.

சிரிக்காதீர்கள். அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் கன்னத்திலும் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

விஷயம் என் நாத்தனார் கமலத்தைப் பற்றியது. (அவள் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை — அந்தத் தைரியம்தான்.) காரியாபட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நிலபுலனுக்குக் குறைவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. விருதுநகரில் வத்தல் மண்டி வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஊரை அதட்டுகிற மனிதருக்கு, தங்கை முகம் சுண்டினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

வருஷா வருஷம் தீபாவளிக்குப் பிறந்த வீட்டுச் சேலை அவளுக்குப் போயாக வேண்டும். எடுப்பது யார்? நான். குறை சொல்வது? அவள்.

ஒரு வருஷம் கிளிப்பச்சை எடுத்தேன். கண்ணைக் கூசுகிறதாம். மறு வருஷம் சாம்பல் கலர். தன்னைக் கிழவி ஆக்கப் பார்க்கிறேனாம். மூன்று வருஷத்துக்கு முன்னால், வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி, மஞ்சள் உடம்பும் அரக்கு பார்டருமாக ஒன்று எடுத்தேன். பிரித்துப் பார்த்தாள்.

"ஏன் மதினி, மாரியாத்தாளுக்குச் சாத்தவா எடுத்தீக?"

கேட்டதோடு விட்டாளா? என் கண்ணெதிரிலேயே அதை மடித்துத் தன் ஓரகத்தி கையில் கொடுத்துவிட்டாள். எனக்கு மட்டும் ரோஷம் இருக்காதா? போன தீபாவளிக்கு அதைச் சொல்லிக்காட்டினேன். அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை சொன்னாள். அதோடு பேச்சு நின்றது. பொங்கலுக்கு வரவில்லை. எங்கள் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊரே வந்தது, அவள் வரவில்லை. இந்தத் தீபாவளியும் இப்படியே போனால் தங்கை உறவே விட்டுப்போகும் என்று வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

அப்போதுதான் எங்கள் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் 'பரிசுக் கூப்பன்' என்று போர்டு மாட்டினார்கள். நாம் பணத்தைக் கட்டிக் கூப்பனை வாங்கி, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிடலாம். அவர்கள் தீபாவளிக்குள் கடைக்கு வந்து பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். மெட்ராஸில் இதெல்லாம் சகஜமாம். அடடா... இத்தனை வருஷம் இது எங்கே போயிருந்தது? இனி பிடித்தாலும் அவள் பாடு, பிடிக்காவிட்டாலும் அவள் பாடு.

கூப்பனும் லேசுப்பட்டதில்லை, சிவகாசி அச்சு. கடை முதலாளி ஆர்டர் கொடுத்தது காலண்டர் சீசனில். தனியாக டிசைன் போட பிரஸ்காரர்களுக்கு ஏது நேரம்? காலண்டருக்குத் தயாராக இருந்த மகாலட்சுமியையே சின்னதாக்கிக் கூப்பனில் உட்கார வைத்துவிட்டார்கள். செந்தாமரை, இரண்டு பக்கமும் யானை, கையிலிருந்து கொட்டும் தங்கக் காசு, சுற்றிலும் ஜிகினா பார்டர். கடைப் பெயரும் நம்பரும் மட்டும் காலடியில் எறும்பு மாதிரி ஊர்ந்தன.

ஆவணியில் வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுத்தார். விவரத்தையும் சொன்னாராம். கமலம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். அண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

புரட்டாசி போயிற்று. கடையில் விசாரித்தால், அந்தக் கூப்பன் இன்னும் வரவேயில்லை என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் எடுத்த சேலைதான் மட்டம், நான் கொடுத்த காகிதமும் மட்டமா? நேரிலேயே கேட்டுவிடுவது என்று வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன்.

போய் இறங்கினால் சாமி அறையில் மணிச் சத்தம். போன வருஷம்தான் அந்த ஊருக்குக் கரண்ட் வந்தது. சிவப்பாக ஒரு குட்டி பல்பு எரிகிறது. அதன் கீழே கண்ணாடி ஃபிரேம், சந்தனம், குங்குமம், கதம்பச் சரம். உள்ளே — என் கூப்பன்!

கமலம் திரும்பிப் பார்த்தாள். சண்டை போட்ட முகமே இல்லை. "வந்தது வந்தீக, நீங்களே காட்டுங்க மதினி" என்று தட்டை என் கையில் கொடுத்துவிட்டாள். என்ன செய்ய? காட்டினேன்.

காப்பி குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன். அது படம் இல்லை கமலம், சேலைக்கான சீட்டு, தீபாவளி தாண்டினால் செல்லாது என்றேன். பாவம், விவரம் புரியாமல் மாட்டிவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடைக்கே போயிருக்கிறாள். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒரு சேலையைத் தேர்ந்தும் எடுத்துவிட்டாள். கூப்பனை நீட்டினால், கணக்கப்பிள்ளை அதை பில் குத்தும் கம்பிக்கு நேராகக் கொண்டுபோயிருக்கிறார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

"மகாலச்சுமி நெஞ்சுல கம்பியக் குத்திட்டு நான் சேலை கட்டணுமா மதினி?"

சேலை போனால் போகிறது என்றுதான் சொன்னாள். ஆனால் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"சின்னதுல அப்பா எடுத்தாக, கட்டுனேன். பொறகு இவுக எடுத்தாக, கட்டுனேன். தீவாளிக்கு நீங்க. எந்தக் கலரு வேணும் கமலம்னு ஒரு ஆளு கேட்டீகளா? அன்னைக்குத்தான் மதினி, அம்புட்டுச் சேலையையும் என் முன்னால விரிச்சுப் போட்டாக."

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இத்தனை வருஷமும் என் ரசனையைக் குறை சொல்கிறாள் என்றல்லவா பொருமிக்கொண்டிருந்தேன்? நமக்குப் பிடித்ததை எடுத்து, நமக்குப் பிடித்த பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் முகம் மலரவில்லையே என்று கோபித்துக்கொள்கிறோம்... நம்மில் யார்தான் இதைச் செய்யவில்லை?

ஃபிரேமைக் கழற்று, திங்கட்கிழமை கடைக்குப் போகிறோம் என்றேன்.

சொன்னபடி மூன்று பேரும் கடையில் நின்றோம். நான், வீட்டுக்காரர், ஃபிரேமை நெஞ்சோடு அணைத்தபடி கமலம். அந்தச் சேலை விற்றுப்போயிருக்குமோ என்று வழியெல்லாம் அவளுக்கு ஒரே தவிப்பு.

முதலாளி பக்திமான். கல்லாவுக்கு மேலே ஆளுயர மகாலட்சுமி, தினம் புது மாலை. நான் அந்தப் படத்தைக் காட்டினேன். பிறகு கணக்கப்பிள்ளையின் கம்பியைக் காட்டினேன். அதில் ஒருத்திக்கு மேல் ஒருத்தியாக அத்தனையும் மகாலட்சுமி!

மனிதருக்கு வேர்த்துவிட்டது. தினம் பார்க்கிற கம்பிதான், இப்படித் தோன்றவே இல்லையாம். ஒவ்வொன்றாக உருவி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விற்றதில் பாதிக் கூப்பன் ஏன் திரும்பி வரவில்லை என்பதும் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ!

"ஆத்தா உங்க வீட்டுலயே இருக்கட்டும்மா. நம்பர மட்டும் நான் குறிச்சுக்கிடுறேன். நீங்க சேலைய எடுத்துக்கோங்க."

வரும் வருஷம் கூப்பனில் வெறும் ரோஜாப்பூ போதும் என்று உடனே சிவகாசிக்கு ஆள் அனுப்பினார்.

கமலம் காதில் எதுவும் விழவில்லை. மேல் தட்டில் மூன்றாவதாக இருந்த சேலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, விற்கவில்லை. எடுத்து விரித்தார்கள். தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

"எப்படி மதினி என் செலக்சன்?"

மஞ்சள் உடம்பு. அரக்கு பார்டர்.

அச்சு அசல் அதே சேலை. "ஏ கமலம், இது அன்னைக்கு நாங்க..." என்று வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

மண்டிக்கு இன்னும் நொண்டிக்கொண்டுதான் போகிறார். மிதித்தது நான்தான்.