மலை ஏறினால் மட்டும் ஒழுகிய கார்

காரை நிறுத்தியிருந்த இடத்தில் சிவப்பாக ஒரு சொட்டு கிடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தண்ணீர் மாதிரி இருந்தால் ஏர்கோன், விட்டுவிடலாம். கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஆட்டோ கியர் ஆயில். அது குறைந்தால் மேட்டில் இன்ஜின் உறுமும், கார் நகராது. முக்கால்வாசிப் பேர் ஒரு போத்தல் வாங்கி ஊற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். சரசா அக்கா அப்படிச் செய்யவில்லை. நேராக ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தார். சொதப்பியது நான்தான்.

ஆட்டோமோட்டிவ் டிப்ளோமா முடித்து இங்கே சேர்ந்து ஒன்றரை வருடம். கியர்பாக்ஸ் பாடத்தில் எனக்கு ஏ. கேட்காதவர்களிடமும் சொல்லுவேன்.

அக்காவின் வீடு மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் புலாவில். திங்கள், புதன், வெள்ளி, விடிந்ததும் கணவரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வழியாக டவுனுக்கு டயாலிசிஸுக்கு வர வேண்டும்.

"தம்பி, அந்த வளைவுல காடி நின்னுச்சுன்னா இவர எறக்கி எங்க நடத்திக் கூட்டிட்டுப் போறது? ஒழுங்கா பாத்துக் குடு லா."

செவ்வாய்க்கிழமை காரைத் தூக்கிப் பார்த்தேன். கியர்பாக்ஸின் அடித்தட்டை ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் காய்ந்து விறைத்திருந்தது. மாற்றினேன், ஆயில் ஊற்றினேன், அளவுக்குச்சியைப் பார்த்தேன், கையைத் துடைத்தேன்.

"கேரண்டி, அக்கா. மலை என்ன, மலேசியாவையே சுத்துங்க."

புதன் மதியம் திரும்பி வந்தார். டயாலிசிஸ் சென்டரில் காருக்கு அடியில் அவர் போட்டு வைத்த அட்டை கையில் இருந்தது. நடுவில் சிவப்பு வட்டம்.

"என்ன தம்பி, இதுதான் ஒங்க கேரண்டி சர்டிபிகேட்டா?"

முதலாளி ரவி அண்ணன் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டிப்ளோமா, ஒரு கேஸ்கெட்ட நேரா ஒக்கார வைக்கத் தெரியாதா ஒனக்கு?"

மறுபடி புது கேஸ்கெட். மறுபடி ஆயில். இந்தத் தடவை டவுனுக்குள் நானே ஒரு ரவுண்டு ஓட்டினேன். ஒரு சொட்டு இல்லை. வியாழன் காலையில் அக்கா மறுபடி வாசலில். அதே அட்டை, இரண்டாவது வட்டம்.

"நாளைக்கு இவருக்கு டயாலிசிஸ். முடியலன்னா சொல்லிரு. வேற காடி புடிச்சுப் போய்க்கிறேன்."

டவுனில் ஒழுகாதது மலை ஏறினால் மட்டும் ஏன் ஒழுகுகிறது? அடிப்பகுதி முழுவதையும் கழுவி, காய வைத்து, பேபி பவுடரைத் தூவினேன். ஆயில் வந்தால் அதில் கோடு விழும். அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து மலைக்கு விட்டேன்.

"பவுடர்லாம் போட்டுட்ட. பொட்டு வைக்கலையா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேலே, ஒரு டுரியான் பழக்கடை ஓரம் சமமான இடத்தில் நிறுத்தி, போன் லைட்டோடு கீழே படுத்தேன். கேஸ்கெட் ஓரம் பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது. சிவப்புக் கோடு மேலிருந்து இறங்கியிருந்தது. கியர்பாக்ஸின் உச்சியில் காற்று வெளியேற ஒரு சின்னக் குழாய் உண்டு. அங்கிருந்துதான். இன்ஜினை ஓடவிட்டு அளவுக்குச்சியை இழுத்தேன். ஆயில் 'ஹாட்' கோட்டைத் தாண்டி ஒரு விரல் மேலே நின்றது.

குச்சியில் இரண்டு கோடு. குளிர்ந்த ஆயிலுக்குக் கீழ்க்கோடு, சூடானதுக்கு மேல்கோடு. எங்கள் பட்டறையில் காரை இறக்கியதும் குளிர்ந்தபடியே மேல்கோடு வரை ஊற்றிவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவோம். டவுன் ரோட்டில் ஆயில் அவ்வளவு சூடாகாது, யாருக்கும் தெரியாது. மலையில் சூடேறி, விரிந்து, நுரைத்து அந்தக் காற்றுக் குழாய் வழியாக வெளியே வந்துவிடும். பரீட்சையில் இதை நான் எழுதியிருக்கிறேன்.

"கண்டுபுடிச்சிட்டியா? எது ஒடஞ்சிருக்கு?"

"ஒண்ணும் ஒடையலக்கா. நான்தான் அதிகமா ஊத்திட்டேன். ரெண்டு தடவையும்."

அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். டுரியான் கடையில் ஒரு காலிப் போத்தல் வாங்கி வந்து நீட்டினார். "எடு. பேச்சு அப்புறம்."

குச்சி போகும் குழாய்க்குள் டூல் பையிலிருந்த மெல்லிய டியூப்பை விட்டு, சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். அரைப் போத்தல் வந்தது. மலையை இரண்டு முறை ஏறி இறங்கினோம். காருக்கு அடியில் போட்ட புது அட்டை காய்ந்தே இருந்தது.

பட்டறைக்கு வந்து உள்ளதைச் சொன்னேன். ரவி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "இத்தன வருசமா இப்படித்தான் ஊத்துறோம். யாராச்சும் திரும்பி வந்தாங்களா?"

"மலைப்பக்கத்து ஆளுங்க ஏன்ணே திரும்பி வரப்போறாங்க? வேற பட்டறைக்குப் போயிருப்பாங்க."

அண்ணன், வந்த கார்களின் போன் நம்பர் எழுதி வைக்கும் வேலைப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "நீ ஊத்துனதுக்கு நீயே போன் போடு."

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு: ஒழுகும் இடத்தை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு மேலே பாருங்கள். காரைச் சூடாகும்வரை ஓட்டி, சமமான தரையில், இன்ஜின் ஓட, எல்லா கியரையும் ஒருமுறை போட்டு P-க்கு வந்த பிறகு குச்சியை இழுங்கள். அவசரம் என்று யார் கத்தினாலும் சரி.

இன்று வெள்ளி. டயாலிசிஸ் சென்டரிலிருந்து அக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறார்: "அட்ட காஞ்சு கெடக்கு தம்பி." இந்த மாதம் நான் அதே மாதிரி ஊற்றிய கார்கள் இன்னும் ஐந்து. இரண்டு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஆள் தினமும் மலை ஏறுபவர். நாலு தடவை அடித்துவிட்டேன், போனை எடுக்கவில்லை.