வெள்ளிக்கிழமை மிஸ்ஸிங்

கண் ஆபரேஷன் முடிந்த பிறகும் எதிர் வெளிச்சம் கூசுகிறது என்று அப்பா கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். அந்தப் பழைய பெட்ரோல் கார் இனி மகள்கள் இருவரில் ஒருத்திக்கு என்று ஆனது. நான் மூத்தவள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அப்பா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறேன். தங்கையை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது.

"மாசத்துக்கு ஒருத்தியா வச்சுப் பாருங்கட்டி. யாருகிட்ட ஒழுங்கா ஓடுதோ அவ எடுத்துக்கிடட்டும்" என்றார் அப்பா.

நியாயப்படி இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை ஆபீசில் எனக்கு வேலை. தினமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறவள் நான். தங்கை வீட்டு வாசலிலோ ஏற்கெனவே ஒரு கார் நிற்கிறது. அவளுக்கு இது பிள்ளைகளை டியூஷனில் விட. ஆனால் கார் அப்படி நினைக்கவில்லை.

என்னிடம் வந்த மாதம் மிஸ்ஸிங் அடித்தது. மேடு ஏறும்போது இன்ஜின் ஒரு உதறு உதறும், இழுக்காது, பின்னால் லாரிக்காரன் ஹாரனிலேயே திட்டுவான். செத்த நேரத்தில் ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடும். பட்டறையில் கொண்டுபோய் விட்டால் மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "நல்லாத்தானக்கா இருக்கு" என்பார். பிளக் மாற்றினார். இக்னிஷன் காயிலை மாற்றினார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார், பங்க்கை மாற்றினேன். மிஸ்ஸிங் போனபாடில்லை.

அடுத்த மாதம் தங்கையிடம் போனது. ஒரு உதறல் இல்லை. பானெட்டை எங்கே பிடித்துத் திறப்பது என்றுகூட அவளுக்குத் தெரியாது. போனில், "வெண்ணெ மாதிரி ஓடுதுக்கா" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. மில் விட்டதும் அவள் தெரு வழியாகச் சுற்றிப் போய், அவள் கார் எடுப்பதைத் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை நின்று தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சியிருக்கிறேன். அது வளைவில் அழகாகத் திரும்பிப் போனது. சின்ன வயதில் அப்பா மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்ததும் அவள்தான். நான் பின்சீட்டு.

"வண்டிக்கும் ஆளு தெரியும்லா" என்று அப்பா ஒருநாள் சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுபடி என் முறை வந்தது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாக அப்பா சொல்லியிருந்தார். இந்தத் தடவை உதறுகிற நாட்களை மனதில் வைத்துக்கொண்டே வந்தேன். திங்கள், செவ்வாய் கிடையாது. வெள்ளி, சனிதான். வெள்ளிக்கிழமை எனக்கு ஆபீசில் தலைக்கு மேல் வேலை. அதனால் எப்போதும் திங்கட்கிழமைதான் பட்டறைக்குப் போவேன். அதற்குள் காருக்குச் சுகமாகியிருக்கும்.

அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். உதறிக்கொண்டிருந்த காரை அப்படியே பட்டறைக்கு விட்டேன். மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒன்றைக் கழற்றியதும் இன்ஜின் இன்னும் தள்ளாடியது. மூன்றாவதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை.

"இதுதான் வேலை பாக்கல" என்று இன்ஜினை அணைத்துவிட்டு, பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் டார்ச் அடித்தார். பிறகு ஒரு துணியை விட்டு எடுத்தார். துணி மஞ்சளாக வந்தது. மோந்து பார்த்தார்.

"யக்கா, இன்ஜினுக்கு யாரு மஞ்சத்தண்ணி ஊத்துனது?"

அப்பா. வெள்ளிக்கிழமைதோறும் விடியும் முன் என் வீட்டு வாசலுக்கு வந்து காரைக் கழுவிப் பொட்டு வைப்பார். அந்த நேரத்தில் நான் அடுப்படியில் நிற்பேன். பானெட்டைத் திறந்து இன்ஜினுக்கும் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் குழியை அடைக்கிற மூடியின் ரப்பர் நன்றாக இருந்த காலத்தில் தண்ணீர் உள்ளே போயிருக்காது என்றார் மெக்கானிக். இப்போது வெடித்துவிட்டது. தண்ணீர் குழியில் தேங்கி, ஞாயிற்றுக்கிழமை வாக்கில் காய்ந்துவிடும். தங்கை வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் ஸ்டீயரிங்கில் ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

புது ரப்பர் போட்டு ஓட்டினேன். மேட்டில் சும்மா இழுத்துக்கொண்டு ஏறியது. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் ஞாயிற்றுக்கிழமை வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். தங்கை முன்னால் சொல்ல வேண்டும், அவள் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும்.

சொன்னேன். வெடித்த ரப்பரை மேசைமேல் வைத்தேன். தங்கை முகம் ஒன்றும் சுருங்கவில்லை. அப்பாதான் அந்த ரப்பரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நாந்தான் கெடுத்திருக்கேன்" என்றார்.

"இனிமே ஒண்ணும் பண்ணாதுப்பா. சரியாயிருச்சு."

அவர் சாவியை எடுத்துத் தங்கையிடம் நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ எந்த ஓட்டை வண்டியா இருந்தாலும் கண்டுபிடிச்சு ஓட வச்சிருவ. இவளுக்கு ஓடுற வண்டிதான் சரிப்படும். இவ வச்சுக்கிடட்டும்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

"ரிப்பேர்னா ஒனக்குத்தான்க்கா போன் போடுவேன்" என்றாள் தங்கை.

என் முறை வந்த இரண்டு மாதமும் கார் பின்னால் அலைந்து, அவளுக்குப் பழுது பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

நான் மறுபடி பஸ்ஸில் போகிறேன். வெள்ளிக்கிழமைகளில் அதே பஸ்ஸில் அப்பாவும் ஏறுகிறார். கையில் ஒரு பை, அதற்குள் துணி, குங்குமம், மஞ்சள் பொட்டலம். தங்கை வீட்டுக்குக் கார் கழுவப் போகிறார். பானெட்டைத் திறப்பதில்லையாம், வெளியே மட்டும்தானாம். எனக்கு இடம் கிடைக்காவிட்டால் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். என் நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி, பஸ் நகரும் வரை ஓரத்தில் நின்று எனக்குக் கை காட்டுகிறார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.