சைவக் கடை நாய் எடை ஏறிய வரலாறு

கொழும்பில் சைவச் சாப்பாட்டுக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு நாயைத் தேற்றப் போய்க் கடையையே இழக்கப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. வேறு யாரும் இருந்தால் வந்து சொல்லட்டும்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. கொட்டாஞ்சேனையில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் மூட்டை சுமந்தேன். பிறகு அங்கேயே நிறுவைக்காரன் ஆனேன். ஒரு மூட்டையைக் கண்ணால் பார்த்து இத்தனை இறாத்தல் என்று நான் சொன்னால், தராசு என் பேச்சைக் கேட்டு நிற்கும். கிட்டங்கி மூடியபோது அந்த மேடைத் தராசை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து, காலிப் பட்டினத்துக்குப் போகிற காலி வீதியில் கடை போட்டேன். சாப்பாட்டுக் கடைக்கு மூட்டைத் தராசு எதற்கென்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்கும் இன்று கடை இல்லை.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போன மறுநாளே பாதிக் கொழும்பு பெட்டி படுக்கையைக் கட்டியது. கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கையில் எங்கள் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாடு போகிற வீடு ஒன்று இருந்தது. அவர்களும் ஓடிவிட்டார்கள். மூன்று கிழமை, இருபத்தொரு நாள் கழித்துத்தான் எங்களுடைய நாலடுக்குக் கரியர் அந்த வீட்டிலிருந்து திரும்பி வரவில்லை என்பது எனக்கு உறைத்தது. எடுத்துவரப் போனேன். கரியர் இல்லை. பின்வளவில் பப்பாசி மரத்தடியில் சங்கிலியோடு ஒரு நாய் இருந்தது.

கிழட்டு நாய். மூஞ்சி முழுக்க நரை. அயலார் மதிலுக்கு மேலால் எப்போதாவது எறிந்த பாண் துண்டிலும் மழைத் தண்ணீரிலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. விலாவில் விரல் வைத்தால் ஆர்மோனியம் வாசிக்கலாம். இடுப்பெலும்பில் கோட்டும் தொப்பியும் மாட்டலாம். இருபத்தேழு இறாத்தல் என்று என் கண் சொன்னது. கூட்டிக்கொண்டு வந்து தராசில் ஏற்றினேன். இருபத்தேழு. நாற்பத்தைந்து நிற்க வேண்டிய உடம்பு அது.

நாய் கடை வாசல் படியைத் தேர்ந்தெடுத்துப் படுத்துக்கொண்டது. கெடுதல் அங்கேதான் தொடங்கியது.

எங்கள் கடையின் உயிர் மாதச் சாப்பாட்டுக்காரர்கள். முப்பது பேர், எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்கக் கந்தோர்களில் எழுதுகிறவர்கள். அரிசிக்குக் கூப்பன் வந்த காலம் ஆனபடியால், அவர்களுடைய கூப்பன்கள் என்னுடைய ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அந்தக் கூப்பன் அரிசியில்தான் என் உலை கொதித்தது. அவர்கள் பெட்டியைத் திறந்து கூப்பன்களை எதிர்க்கடைக்குக் கொண்டுபோனால் அடுத்த கிழமை என் அடுப்பில் பூனை படுக்கும்.

முதல் நாளே ஒரு இளந்தாரி வாசலில் நின்று கூவினான்.

"முதலாளி, உங்கட நாயைப் பாக்க எங்கட வருங்காலம் தெரியுது!"

"அது நேற்றுத்தான் வந்தது, தம்பி."

"நாங்களும் ஒரு நாள் அப்பிடித்தான் வந்தனாங்கள்."

கடை முழுக்கச் சிரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்பு எதிர்க்கடை வரைக்கும் கேட்டது. சாப்பாட்டுக் கடை வாசலில் எலும்பும் தோலுமாக ஒரு நாய் படுத்திருந்தால், உள்ளே என்ன கொடுக்கிறார்கள் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? நாயைத் துரத்திவிடும்படி சமையல்காரர் சொன்னார். நான் வைத்த அடி பின்வாங்காதவன். துரத்துவதில்லை, கொழுக்க வைப்பதென்று முடிவு செய்தேன்.

மெலிந்த உடம்பைத் தேற்றும் வித்தை எனக்குத் தெரியாதா? ஒரே மத்தியானத்தில் பத்து இட்லி, அதன் மேல் நெய், நாலு உளுந்து வடை, ஒரு சட்டி பாயாசம். நாய் ஒரு பக்க வாயால் மென்று எல்லாவற்றையும் விழுங்கியது. சரியாக முப்பது பேரும் இலையில் கைவைத்த நேரம் பார்த்து, எல்லாவற்றையும் வாசற்படியிலேயே திருப்பித் தந்தது. பின்னேரத்துக்குள், 'அந்தக் கடைச் சாப்பாடு நாய்க்கே ஒத்துக்கொள்ளவில்லை' என்ற பேச்சு பக்கத்து ஊர் பாமன்கடை வரை போய்விட்டது.

மிருக டாக்குத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். சிங்களவர், தமிழும் கதைப்பார். நான் பாயாசக் கதையைச் சொல்லி முடிக்கும் வரை தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். பட்டினி கிடந்த வயிற்றில் ஒரேயடியாகக் கொட்டக் கூடாது, ஒரு நாளைக்கு நாலு தரம், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்றார். பூச்சி மருந்து தந்தார். அது ஏன் ஒரு பக்கத்தால் மெல்லுகிறதென்று நான்தான் வாய்க்குள் விரலை விட்டு, உடைந்த கடைவாய்ப் பல்லைக் கண்டுபிடித்துக் காட்டினேன். படித்தவர் அவர், கண்டுபிடித்தவன் நான். பல்லைப் பிடுங்கினார். அதற்குப் பிறகுதான் வெடிகுண்டைப் போட்டார்.

"மஸ் சூப் தென்ன ஓன, முதலாளி."

மஸ் என்றால் இறைச்சி என்பது எனக்குத் தெரியும். இறைச்சிச் சாறு கொடுக்க வேண்டுமாம்.

"டாக்குத்தர் ஐயா, என்ர கடை சைவக் கடை."

"நாய் சைவம் இல்லைதானே?"

கடைக்கு வந்து மெதுவாக வாயெடுத்தேன். சமையல்காரர் அகப்பையைக் கீழே வைத்தார். "இறைச்சி வாசலைத் தாண்டி வந்தால், நான் வாசலைத் தாண்டிப் போயிடுவன். அடுத்த ரயில் யாழ்ப்பாணம்."

நாய் மெலிந்திருந்தாலும் கடைக்குப் பெயர் கெடும். இறைச்சி மச்சம் பட்டதென்று தெரிந்தாலும் பெயர் கெடும். இப்படி ஒரு முடிச்சை இரண்டாம் வகுப்புக்காரன்தான் அவிழ்ப்பான்.

பக்கத்துக் கடை குடைக் கடை. குடை திருத்துகிற முஸ்லிம் நானா ஒருவர் மேல்மாடியில் குடும்பத்தோடு இருந்தார். அவருடைய வீட்டுச் சூப்பு மணக்கிற நேரமெல்லாம் இந்த நாய் மதிலைப் பார்த்தபடி அழும். நான் போய் விசயத்தைச் சொன்னேன்.

"சூப்பு காச்சித் தர ஏலும், முதலாளி. பசிச்ச சீவன்தானே. ஆனா நாய நான் தொட ஏலா. வாய் பட்டா ஏழு தரம் கழுவோணும்."

"நான் சூப்பைத் தொட ஏலாது, நானா."

அவர் ஒரு குடைக் கம்பியை வளைத்தபடி யோசித்தார். "அப்ப நீங்க நாயப் புடிங்க. நான் சூப்பப் புடிக்கிறன்."

இரண்டு கடைக்கும் நடுவில் தண்ணீர் ஓடுகிற ஒரு சந்து இருந்தது. அது அவருக்கும் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை. முனிசிபலுக்குரியது. ஆகவே அங்கே மச்சம் பட்டால் முனிசிபலின் சைவம்தான் கெடும். நானா ஒரு நீள மூங்கிலின் நுனியில் சிரட்டையைக் கட்டினார். பின்னேரம் மூன்று மணிக்கு, கந்தோர்க்காரர் எல்லோரும் கந்தோரில் இருக்கிற நேரம், சந்தின் இந்தத் தலையில் நான் நாயைக் கயிற்றில் பிடித்து, மூக்கைச் சால்வையால் பொத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். அந்தத் தலையிலிருந்து நானா மூங்கிலை நீட்டிச் சூப்பை ஊற்றுவார்.

முதல் நாள் ஒரு பீங்கான் தட்டு வைத்தோம். நாய் குடித்து முடித்த பிறகுதான் அதைக் கழுவுவது யாரென்ற கேள்வி வந்தது. இறைச்சி பட்டது, நான் தொட ஏலாது. நாய் நக்கியது, அவர் தொட ஏலாது. மூன்று நாள் நாங்கள் இருவரும் சந்தின் இரண்டு தலையிலும் நின்று அந்தப் பீங்கானையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாலாம் நாள் மழை கழுவியது. அதன் பிறகு வாழையிலை போட்டேன். சைவக் கடையில் இலைக்கு என்ன பஞ்சம்?

மற்ற மூன்று வேளையும் குழைத்த சோறும் பருப்பும் கடையில்தான். கிழமைக்கு ஒரு இறாத்தல், சில கிழமை ஒன்றரை. ஞாயிறு காலையில் எல்லோருக்கும் முன்னால் தராசில் ஏற்றி நிறுப்பேன். வாசற் பலகையில் சோக்கால் எழுதிவிடுவேன். இட்லி, தோசை, உளுந்து வடை, நாய் 31. ரயிலால் இறங்கி வந்த ஒரு மனிதர் அதை வாசித்துவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார். பிறகு நாய்க்கு ஒரு கோடு போட்டுத் தனியாக எழுதினேன்.

"எல்லாம் எங்கட கடைச் சாப்பாடு!" என்று நான் சொல்லிக்கொண்டேன். பொய் இல்லை. நாலில் மூன்று பங்கு உண்மை. எதிர்க்கடையில் சாப்பிட்ட இரண்டு பேர் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

மாதச் சாப்பாட்டுக்காரர்களுக்குத் தலைவர்போல ஒரு பெரிய கிளாக்கர் ஐயா இருந்தார். மூன்று குறி திருநீறு பூசாமல் தண்ணீர்கூடக் குடிக்காதவர். உடம்பு மட்டும் ஊதுபத்தி. உடம்பு ஏற வேண்டுமென்று அவருடைய வைத்தியரும் சொல்லியிருந்தாராம். நாய் முப்பத்து நாலு ஆன ஞாயிற்றுக்கிழமை என்னை அருகில் கூப்பிட்டார்.

"முதலாளி, அதுக்குப் போடுறதை எனக்கும் போடும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நாலு தரம்."

மூன்று மணிச் சூப்பைப் பற்றி எப்படிச் சொல்வது? சரி ஐயா என்றேன். அன்றிலிருந்து குழைத்த சோறும் பருப்பும் அவருக்கும் போனது. மூன்று மணிப் பங்குக்கு அவருடைய கந்தோருக்கு இட்லியும் நெய்யும் பார்சல் அனுப்பினேன். ஞாயிறுகளில் தராசிலிருந்து நாய் இறங்க அவர் ஏறுவார். நாய் முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டரை. ஐயா தொண்ணூற்றாறு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றைந்தரை.

"ஐயா, வாலையும் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கோவன்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரென்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாயைத்தான் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். கந்தோர் மனிதர் குறிப்பெடுத்தால் அது நல்லதுக்கில்லை.

இருபத்தாறு வருச சேவையில் ஒரு நாளும் லீவு போடாதவர் அடுத்த புதன்கிழமை அரைநாள் லீவு போட்டார். சந்தில் நான் சால்வையால் மூக்கைப் பொத்தி நிற்க, நானாவின் மூங்கில் ஆடி ஆடி வந்துகொண்டிருக்க, என் தோளுக்குப் பின்னால் ஒரு இருமல் கேட்டது. நானாவின் கை உதறி, பாதிச் சூப்பு முனிசிபலுக்குப் போய்விட்டது.

ஐயா கொப்பியை விரித்தார்.

"இது கடைக்குள்ள வந்ததோ?"

"இல்லை, ஐயா."

"நீர் தொட்டீரோ?"

"சத்தியமா இல்லை."

"நானா, நீர் நாயைத் தொட்டீரோ?"

"அல்லாவாண இல்ல, தொர."

"இலை ஆற்றை?"

"என்ர இலை. ஆனா வெறும் இலையாத்தான் போகுது. திரும்பி உள்ள வாறதில்லை."

எல்லாவற்றையும் எழுதி, கீழே ஒரு கோடு கீறி, கொப்பியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாய் மட்டும்தான் அமைதியாகச் சாப்பிட்டது.

மறுநாள் மத்தியானம் முப்பது பேரும் இலைக்கு முன்னால் இருந்த நேரம் அவர் எழுந்து நின்றார். கொப்பியைப் பார்த்துப் பார்த்து, கந்தோர்க் கடிதம்போல எல்லாவற்றையும் வாசித்தார். சூப்பு, மூங்கில், சந்து, இலை, ஒன்றும் தப்பவில்லை. சமையல்காரர் குசினி வாசலில் வந்து நின்று தோள் துண்டை உதறினார். ரயிலுக்கு ஆயத்தம் என்று அர்த்தம்.

"ஆனபடியால்," என்று ஐயா முடித்தார், "கடைக்குள்ள மச்சம் வரேல்ல. ஒழுங்கு மீறப்படேல்ல."

சமையல்காரர் துண்டைத் திரும்பவும் தோளில் போட்டார். எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை விடுவதற்குள் ஒரு இளந்தாரி கையை உயர்த்தினான்.

"அப்ப கடைச் சாப்பாட்டில மட்டும் ஏறினது எத்தினை றாத்தல்?"

"அதுக்குத்தான் நான் ஏறி நிண்டனான்," என்றார் ஐயா. "அரை றாத்தல் குறைவு."

மச்சத்தை மன்னித்தவர்கள் அந்த அரை இறாத்தலை மன்னிப்பதாகத் தெரியவில்லை. முப்பது பேரும் தங்கள் இலையில் இருந்த பருப்பைப் பார்த்தார்கள். அன்றைய பருப்பு கொஞ்சம் தண்ணீர்தான். யுத்த காலம், நான் என்ன செய்ய?

"கூப்பன் பெட்டியைக் கொண்டு வாரும்," என்றார்.

கொண்டுவந்து வைத்தேன். அவர் மூடியில் கையை வைத்துக்கொண்டு வாசற்படியைப் பார்த்தார். நாய் அங்கே மல்லாந்து கிடந்தது. ஆர்மோனியம் மறைந்து, வயிறு பனங்காய்போல இருந்தது.

"நடுச் சந்தில நிண்டு ஒரு கிழட்டு நாயை இப்பிடிப் பாத்த மனுசன், மனசு வைச்சால் எங்களையும் பாப்பார்," என்றார். "கூப்பன் இஞ்சயே இருக்கட்டும். ஆனா முதலாளி, பருப்பு கையில ஒட்டோணும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தராசில ஏறுறம். குறைஞ்சால் கேப்பம்."

அந்தக் கிழமையே பருப்பு ஒட்டியது. என்னால் ஏலாதது என்ன இருக்கிறது? எங்கெங்கோ அலைந்து உளுந்தும் பயறும் பிடித்தேன். மரவள்ளியை எத்தனை விதமாகச் சமைக்கலாமோ அத்தனை விதமாகச் சமைப்பித்தேன். ஐயா நூற்றொன்றைத் தொட்டார். நாய் நாற்பத்தைந்தில் நின்றது. நான் கண்ணால் சொன்னது அதேதான்.

ஞாயிறு தோறும் வரிசை காலி வீதி வரை நிற்கும். முதலில் நாய், பிறகு ஐயா, பிறகு சேவை மூப்புப்படி மற்றவர்கள். ஒரு நாள் மலைநாட்டிலிருந்து வேலை தேடி வந்த ஒரு மனிதன், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்து வரிசையில் வந்து நின்றுவிட்டான். முறை வந்ததும் தராசில் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி எனக்குச் சலாம் வைத்தான். தொண்ணூற்றிரண்டு. பட்டாளம் எடுக்காது என்று சொல்லி, இலை போட்டு உட்கார வைத்தேன்.