முப்பத்தெட்டுக் கோழி எடை

செருப்பைக் கழற்றிவிட்டு, தீவன மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார் பண்ணைக்காரர். ஒரு தும்மல் போட்டார். ஆடிய முள் அடங்கும்வரை பொறுத்திருந்து கோழி ஒன்றுக்கு இரண்டு கிலோ என்று எழுபத்தாறு கிலோவை இரண்டால் வகுத்தார். "முப்பத்தெட்டுக் கோழி" என்று முணுமுணுத்தபடி டப்பாவைத் திறந்தார்.

டப்பாவில் இருப்பது டெட்ராசைக்ளின் பொடி. கோழிகளுக்கு மூச்சிரைத்தபோது குடிதண்ணீரில் கலக்கச் சொல்லி கால்நடை மருத்துவர் கொடுத்தது. கலந்தால் தண்ணீர் மஞ்சளாகிவிடும். ஒரு கோழிக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவருக்கு எல்லா உயிரும் கோழியின் மடங்குதான். லாரி டிரைவர் நாற்பத்தைந்து கோழி. மச்சான் ஐம்பதைத் தாண்டிவிட்டதால் வைத்தியம் கட்டுப்படியாகாது என்று கைவிடப்பட்டவர். "மாட்டு மடிக்கு இதான், ஆட்டுக் கண்ணுக்கு இதான், பழமரத்துக்குக்கூட இதான் அடிக்கிறான். மனுசன் மட்டும் என்ன ஒசத்தி?" என்பார்.

பொடி குடித்த நாட்களில் வெயிலில் நின்றால் முகம் சிவந்து எரியும். மருந்து வேலை செய்கிறதாம். ஒருமுறை அவருக்கும் மனைவிக்கும் சேர்ந்தே சளி பிடித்தது. மனைவி வெறும் வெந்நீர் குடித்தார். இருவருக்கும் ஒரே நாளில் சரியாயிற்று. "என் மூச்சுக்காத்து பட்டே அவளுக்குக் கேட்டுடுச்சு" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் வெகுநாள் கெஞ்சிய பிறகு மகள் ஏழாம் மாத வயிற்றோடு தங்க வந்திருந்தாள். அவள் ஒருமுறை இருமியதுதான் தாமதம், தராசை வாசலுக்கு உருட்டி வந்துவிட்டார். வயிற்றுக்குள் இருக்கும் முக்கால் கோழியைக் கழிப்பதா கூட்டுவதா என்பது ஒன்றே அவருடைய சந்தேகம்.

"நான் கோழி இல்லப்பா."

"யாரும்மா கோழின்னா? முப்பத்தொரு கோழி."

மகள் பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள். அந்த டப்பா இருக்கும் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாளாம். அவள் கணவர் வண்டியோடு கிளம்பியாயிற்றாம். மனைவி கொட்டகைக்கு ஓடி, கோழி பார்க்க வந்திருந்த டாக்டரம்மாவைக் கையோடு இழுத்துவந்தார்.

டாக்டரம்மா கையுறையைக்கூடக் கழற்றவில்லை. சளிக்கு இந்த மருந்து கேட்காது, கோழிக்குக் கொடுத்ததை மனிதர் தொடவே கூடாது என்று அவரை ஒரு பிடி பிடித்தார். அதெல்லாம் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அடுத்துச் சொன்னதுதான் ஏறியது.

"வயித்துல பிள்ளைக்குப் பல்லு உருவாகுற நேரங்கய்யா. இது போய் அதுல ஒட்டிக்கும். உங்க பேரப்பிள்ளை சிரிச்சா, உங்க கோழித் தண்ணி கலர்லதான் சிரிக்கும்."

பண்ணைக்காரர் டப்பாவை டாக்டரம்மாவின் பையில் தானே போட்டார். மகளின் பெட்டியை உள்ளே தூக்கிவந்து வைத்தார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். மனைவி போதும் என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லை.

அடுப்பிலிருந்து வெந்நீரை அவரே கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மகளிடம் நீட்டினார்.